அட்வான்ஸ் பணமும் ஒரு லைன் வீடும்

புருஷனிடம் அடி வாங்கி வெளியே வரும் பெண்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையை நானும் கம்பெனித் தோழிகள் சிலரும் திருப்பூரில் செய்து வருகிறோம். அவள் திரும்ப அதே வீட்டுக்குப் போவாளா மாட்டாளா என்பதைப் பெரும்பாலும் அட்வான்ஸ் பணம்தான் முடிவு செய்கிறது.

பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழைத்தால் உதவி வரும். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம், அப்புறம் காப்பகம். அதற்குள் கைக்கு ஒரு சாவி வராவிட்டால், "பேசி முடிச்சுக்கலாம் வா" என்று சொந்தக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும் பெண்ணால் மொத்தமாக அட்வான்ஸ் புரட்ட முடியாது. அதை நாங்கள் சேர்ந்து போடுகிறோம். அவள் முடிந்தபோது வாரா வாரம் திருப்பிக் கொடுப்பாள்.

பணத்தைவிடப் பெரிய தடை ஓனர்தான். போன மாதம் ஓவர்லாக் டெய்லர் ஒருத்தியையும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ரூம் பிடித்திருந்தது. "வீட்டுக்காரர் எங்கீங்க?" என்று கேட்டார்கள். தனியாக இருக்கிறாள் என்றதும், "பேமிலிக்கு மட்டுந்தானுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மாவும் பிள்ளையும் பேமிலி இல்லையா?

ஒதுக்குப்புறமாக, யார் கண்ணிலும் படாத வீடுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாக் கதவும் ஒரே வாசலைப் பார்த்திருக்கும் லைன் வீட்டைத்தான் தேடுவேன். ஓனரம்மா முன்வீட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது. கதவில் உள்தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதா, கக்கூஸுக்குப் போகும் வழியில் லைட் எரிகிறதா என்று பார்ப்பேன். அவள் புருஷனுடைய கம்பெனி வேன் அந்த வழியாகப் போகிறதா என்றும் விசாரிப்பேன். கடைசியில் அந்த டெய்லருக்கு அப்படி ஒரு ரூம் கிடைத்தது. விஷயம் முழுவதையும் கேட்ட பிறகு ஓனரம்மா, "நீ இரு கண்ணு, எவன் வாரான்னு நான் பாத்துக்கறேன்" என்றார்.

சட்டப்படி அடி வாங்கும் பெண் வீட்டை விட்டு வெளியேறவே வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அவள் வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி அதை மறுக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அடிக்கிறவனோடு ஒரே கூரையின்கீழ் இருக்கப் பயமாக இருந்தால்? அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவில் அவனையே வெளியேற்றச் சொல்லலாம். அல்லது அதே வசதியுள்ள வேறு வீடோ, அதற்கான வாடகையோ கேட்கலாம். இந்த வாடகை விஷயம் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிவதில்லை. இந்தச் சட்டத்தின்கீழ் மனு வாங்கும் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கும்போதே அதையும் எழுதச் சொல்லுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம், வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள்.

பிள்ளையின் படிப்புக்கும் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமாகிறது என்று அரசுப் பள்ளியில் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. புது முகவரியை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு பெண் காப்பகத்தில் இருக்கிறாள். இரண்டு பையன்கள், செக்கிங் வேலை தெரியும். அவிநாசி ரோடு பக்கம் ரூம் காலியாக இருந்தால் சொல்லுங்கள். அட்வான்ஸ் தயாராக இருக்கிறது.