கம்பத்துக்கு மேலே போன பந்து

பிஜித் தீவுகளின் லம்பாசா ஊரில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்த கடைக்காரர், கல்லாப்பெட்டிக் கண்ணாடிக்கு அடியில் ஒரு ஏழு டாலர் நோட்டை வைத்திருந்தார். ஏழுக்கெல்லாம் நோட்டு உண்டா என்று கேட்டேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பியில் பிஜி தங்கம் வாங்கியது. அதற்காக அரசாங்கம் அடித்த நோட்டு. நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான்.

அதே ரியோவுக்குக் கால்பந்து அணியும் போனது. தென்கொரியாவிடம் 8–0, மெக்சிகோவிடம் 5–1, ஜெர்மனியிடம் 10–0. நான் வளர்க்க வந்திருந்தது இந்த விளையாட்டைத்தான்.

அந்த ஒரே கோலைப் பற்றி மட்டும் கடைக்காரர் அரை மணி நேரம் பேசினார். அடித்தவர் ராய் கிருஷ்ணா, அந்தப் பக்கத்துப் பையன். இடைவேளை வரை மெக்சிகோ பின்தங்கி இருந்ததாம். கரும்புக்கு வந்த நம் ஜனங்களின் பேரப்பிள்ளைகளுக்கு சாக்கர், அதாவது கால்பந்து, என்றால் உயிர். 1938இல் தொடங்கிய சங்கத்தின் பெயரே பிஜி இந்தியக் கால்பந்துச் சங்கம். 'இந்திய' என்ற சொல் போனது 1960களில்தான். தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் ஈஸ்டர் மாநாட்டிலும் சாக்கர் போட்டி உண்டு. ஆகவே ஊருக்குள் எனக்கு வேலை குறைவு. வேலையெல்லாம் ரக்பியே மூச்சாக இருக்கும் பிஜிப் பூர்வகுடிக் கிராமங்களில்தான்.

முதல் கிராமத்துக்குப் பன்னிரண்டு பந்து, கூம்புகள், சட்டைகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். மைதானத்தில் ஒரு பிள்ளை இல்லை. கிராமத் தலைவர் தூரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த ஓட்டுநர்தான் மெதுவாகக் கேட்டார்: "சார், யங்கோனா கொண்டுவரலியா?"

யங்கோனா என்பது ஒரு செடியின் வேர். அதை ஒரு கட்டு தலைவர் முன் வைத்து, "உங்கள் மண்ணில் கால் வைக்கலாமா" என்று கேட்க வேண்டும். செவுசெவு என்பார்கள். வெறுங்கையோடு தாம்பூலம் மாற்றப் போனவன் கதைதான் என் கதை. திரும்பி வந்து, சந்தையில் வேர் வாங்கிக்கொண்டு மறு வாரம் போனேன். பாயில் சம்மணமிட்டு, ஒரு தரம் கைதட்டி, அந்த வேரைக் கரைத்துக் கொட்டாங்குச்சியில் கொடுத்ததை ஒரே மடக்கில் குடித்து, மூன்று தரம் கைதட்டினேன். மண்கரைசல் போல இருந்தது, நாக்கு மரத்துப்போனது. மிளகு, வெற்றிலைக் குடும்பத்துச் செடி என்று பிறகு தெரிந்தது. வெளியே வந்தால் மைதானத்தில் நாற்பது பிள்ளைகள்! அன்று மாலை அறிக்கையில் 'செலவு: வேர்' என்று எழுதினேன். கணக்குப் பிரிவில் விளக்கம் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பயிற்சித் திட்டத்துக்குக்கூட அத்தனை எழுதியதில்லை.

உயரமாக எது வந்தாலும் பையன்களின் கை தானாக மேலே போகும். தலையால் முட்டச் சொன்னால், அழகாகப் பிடித்து மார்போடு அணைத்துக்கொள்வார்கள். ஒரே ஊரில் எனக்கு ஆறு கோல்கீப்பர்கள் தேறினார்கள்; முன்னால் ஆட ஆளில்லை. தனி கோல் கம்பம் நட வசதியில்லாததால் ரக்பிக் கம்பத்தையே வைத்துக்கொண்டோம். அதன் அகலம் 5.6 மீட்டர், கால்பந்து கோலுக்கோ 7.32 வேண்டும். பிள்ளைகளுக்கு அது போதும்.

முதல் பெனால்டியை ஒரு பத்து வயதுப் பையன் அடித்தான். பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவே பறந்து மரவள்ளித் தோட்டத்தில் விழுந்தது. ஊரே எழுந்து ஆர்ப்பரித்தது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், பாட்டிமார் சுலு என்ற இடுப்புத் துணியைச் சுழற்றுகிறார்கள். ரக்பியில் அப்படி மேலே போனால்தானே புள்ளி! கால்பந்தில் அது கோல் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் வருஷம், நான் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, அதே மைதானத்தில் வேறொரு பிள்ளை அதே மாதிரி மேலே அடித்தாள். பாதிப் பேர் கைதட்டினார்கள். பாதிப் பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.