என் எம்.ஜி.பி.யில் பெட்ரோல் பம்ப் மாற்றிய கதை

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே கராஜில் பெட்ரோல் வாடை அடித்தது. 1970-ஆம் வருடத்து எம்.ஜி.பி ஜி.டி. கார், ஐம்பது வயது தாண்டியாயிற்று, லேசான வாடை இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஐயா வேலியோரம் வந்து நின்று, "தம்பி, பெற்றோல் மணக்குது, ஒருக்கா பாருங்கோ" என்றார். கராஜ் கதவு மூடியிருக்கும்போதே அவர் வாசல் வரைக்கும் போயிருக்கிறது என்றால் அது லேசான வாடை இல்லை.

அன்று சாயங்காலமே பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினேன். பெட்ரோல் பம்ப் இருக்கும் பின்பக்கத்திலிருந்து தையல் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம் கிளம்பியது, நிற்கவே இல்லை. அரை நிமிடம் போயிருக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இரண்டில் முன்னால் இருப்பதன் ஃப்ளோட் சேம்பரிலிருந்து, அதாவது பெட்ரோல் தேங்கி நிற்கும் சின்னக் கிண்ணத்திலிருந்து, கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. அது விழுந்ததும் இன்னொன்று, அப்புறம் நூல் மாதிரி ஒழுகவே ஆரம்பித்துவிட்டது. உடனே சாவியை அணைத்துவிட்டேன். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும், எரிந்த புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம்தான், நடுவில் ஒரு தகடு மட்டும். நாற்பது மைல் ஓடி நெருப்பாய்க் கொதிக்கிற மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகியபடி நான் மோட்டார்வேயில் வந்திருக்கிறேன் என்று நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது.

எம்.ஜி.பி தெரியாதவர்களுக்காக: இங்கிலாந்தில் அபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். நம் ஊர் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி இன்ஜினும் இதே குடும்பம்தான், அதனால் அம்பாசடர் பானட்டுக்குள் கைவைத்துப் பழகியவர்களுக்கு இந்த இன்ஜின் அந்நியமாகத் தெரியாது. என் வண்டியில் எஸ்.யூ. கம்பெனியின் எச்.எஸ்.4 மாடல் கார்புரேட்டர்கள் இரண்டு.

முதலில் ஃப்ளோட்டில், அதாவது அந்தக் கிண்ணத்துக்குள் மிதக்கும் மிதவையில், ஓட்டை விழுந்திருக்குமோ என்றுதான் சந்தேகம். கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினேன், உள்ளே பெட்ரோல் புகுந்த சத்தம் இல்லை. சரி, பிரஷரைப் பார்ப்போம் என்று குழாயில் ஒரு டீ இணைப்பு போட்டு கேஜை மாட்டினேன். ஆறரை பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு ஆறரை பவுண்டு அழுத்தம்! எஸ்.யூ. கார்புரேட்டருக்கு மூன்றை ஒட்டி இருந்தால் போதும். ஃப்ளோட் மேலே வந்து ஒரு சின்ன ஊசியைத் தள்ளி வழியை அடைப்பதுதான் இந்தக் கார்புரேட்டரில் இருக்கிற ஒரே தடுப்பு. அந்தத் தள்ளுக்கு இரண்டு மடங்கு பிரஷர் எதிரே நின்றால் ஊசி தோற்கத்தான் செய்யும்.

ஜாக் போட்டு, ஸ்டாண்ட் வைத்து, வலது பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட்டரிப் பெட்டி பக்கத்தில் அசல் எஸ்.யூ. பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சதுர டப்பா, பிளாஸ்டிக் டையால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், ஃபியூஸ் இல்லை. மட்டமான பம்ப் என்று சொல்ல மாட்டேன், அதிகப் பிரஷர் கேட்கிற கார்புரேட்டரோடு சேர்த்தால் நன்றாகவே வேலை செய்யும். இந்த வண்டிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். பெரிய பம்ப் போட்டால் வண்டி வேகமாகப் போகும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்காக ஒரு கணக்கு: எழுபது மைல் வேகத்தில் ஒரு கேலனுக்கு இருபத்தைந்து மைல் கொடுத்தால், ஒரு மணி நேரத்துக்குச் செலவு பதின்மூன்று லிட்டர்கூட இல்லை. அதற்கு எதற்கு ஆறரை பிஎஸ்ஐ?

அசல் எஸ்.யூ. பம்ப் வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மின்காந்தம் டயஃப்ரம் என்ற சவ்வை இழுக்கும்போது பெட்ரோல் உள்ளே வரும், அப்புறம் காந்தம் விட்டுவிடும், ஒரு ஸ்பிரிங் டயஃப்ரத்தைத் தள்ளி பெட்ரோலை வெளியே அனுப்பும். தள்ளுவது ஸ்பிரிங்தான் என்பதால் அதன் பலம் எவ்வளவோ பிரஷரும் அவ்வளவுதான். கார்புரேட்டர் நிறைந்து ஊசி மூடிக்கொண்டால் ஸ்பிரிங் தள்ள முடியாமல் நிற்கும், பம்பும் சத்தமில்லாமல் காத்திருக்கும். பிரஷரைக் குறைக்கும் ரெகுலேட்டர் போட்டுப் பழைய பம்பையே சமாளிக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தப்பான பம்பை அப்படியே வைத்துக்கொண்டு அதை அடக்க இன்னொரு சாமான், கூடவே கசிவதற்கு இன்னும் இரண்டு இணைப்பு, எதற்கு?

புது எஸ்.யூ. பம்ப் வாங்கினேன். பாயிண்ட் என்ற மின்தொடர்பு முனை வைத்த மாடலும் கிடைக்கிறது, எலக்ட்ரானிக்கும் கிடைக்கிறது, நான் எடுத்தது எலக்ட்ரானிக். 1967-க்கு முந்தைய எம்.ஜி.பி வைத்திருப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும், அவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும், மாற்றிக் கொடுத்தால் எலக்ட்ரானிக் பம்ப் கருகிவிடும்.

வேலை ஒரு சனிக்கிழமை முழுக்க இழுத்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, கராஜ் கதவைத் திறந்து வைத்து, டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போதுதான் ஆரம்பித்தேன். அப்படியும் ஹோஸைப் பிடுங்கியதும் முழங்கை வழியாக ஒரு அரைக்கோப்பை ஓடியது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பரை அது அரித்துவிடும். கழற்றிய ஹோஸை மடக்கிப் பார்த்தேன், உள்பக்கம் கறுப்பாக விரலில் ஒட்டியது. எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றினேன். பம்பின் வெளியேறும் வாய் மேல்பக்கம் வருகிற மாதிரி பிராக்கெட்டில் இறுக்கி, எர்த் வயரின் முனையைப் பளபளவென்று தேய்த்து மாட்டி, ஒரு ஃபியூஸும் மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்சும் சேர்த்தேன். அந்த சுவிட்சை யாரும் தவிர்க்காதீர்கள். கார்புரேட்டரில் இரண்டு ஊசி வால்வும் புதுசு.

சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்தது, கொஞ்சம் நிதானித்தது, டிக்... டிக்... அப்புறம் நின்றுவிட்டது. ஓவர்ஃப்ளோ குழாய்க்குக் கீழே வைத்திருந்த காகிதத்தில் ஒரு புள்ளி இல்லை. கேஜ் மூன்றுக்குச் சற்றுக் கீழே நின்றது.

வேலை அதோடு முடியவில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஆக்சிலேட்டரைத் தொட்டால் கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. பழைய பம்ப் அதிகமாகத் தள்ளியதைச் சரிக்கட்ட யாரோ இரண்டு கார்புரேட்டரிலும் பெட்ரோல் அளவை மாற்றும் ஆறுமுக ஜெட் நட்டை மேலே ஏற்றி, கலவையை மெலிதாக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது பிரஷர் சரியானதும் பெட்ரோல் போதவில்லை. இரண்டையும் முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்கி, பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஊசிமுனை அளவு தூக்கித் தூக்கிக் காதால் கேட்டுச் சரிசெய்தேன். தூக்கும்போது இன்ஜின் வேகம் ஒரு கணம் ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி.

நூறு மைல் ஓட்டிவிட்டு நேற்று பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்துக் கிடந்த நாலும் இப்போது பிஸ்கட் நிறத்தில் இருக்கின்றன. அடுத்த வாரம் டேங்கை இறக்கி உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.