ஷீபா நேசம்மாள் என்பது நான்தான்

என் ஃபேஸ்புக் கணக்கில் இதுவரை ‘ஷீபா ஜஸ்டின்’ என்று இருந்தது. இப்போது ‘ஷீபா நேசம்மாள்’ என்று இருக்கிறது. கணக்கை யாரும் திருடவில்லை. எந்த அவசரத்துக்கும் பணம் கேட்டு என் பெயரில் செய்தி வராது. வந்தால் அது நான் இல்லை. பெயரை மாற்றியது நான்தான், யோசித்துத்தான் மாற்றினேன். கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நேசம்மாள் என் அம்மா. கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் கருங்கல் பக்கத்தில் உள்ளவர்களுக்கு அண்டி ஆபீஸ் என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்கவேண்டும். பருப்பு முழுசாக வந்தால்தான் மதிப்பு. எடுத்த பருப்பை நிறுத்துத்தான் கூலி. தோட்டில் இருந்து வரும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும், அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு வேலை செய்வார்கள். அம்மாவின் விரல் நுனிகள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெள்ளைச் சேலை உடுத்துப் போகும்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். கோயிலில் பாட்டுப்புத்தகத்தைப் பிடித்திருக்கும் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அவருடைய பெயரின் முதல் எழுத்து என் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இருக்கிறது. கல்யாணம் ஆன பிறகு ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், ஆதார் என்று எல்லாவற்றிலும் வீட்டுக்காரர் பெயர் வந்தது. 2013-ல் ஃபேஸ்புக் கணக்கு தொடங்கும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டது. நம் ஊரில் யாருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? என்னோடு தொடங்கிய பெண்கள் எல்லாரும் கல்யாணம் ஆனவர் என்றால் புருஷன் பெயர், ஆகாதவர் என்றால் அப்பா பெயர் என்று இரண்டாவது கட்டத்தை நிரப்பினார்கள். நானும் அப்படியே.

ஆக, என்னைப் படிக்க வைத்தவர், தையல் மிஷின் வாங்கித் தந்தவர், கல்யாணத்துக்குச் சீட்டுப் பிடித்தவர், அவருடைய பெயர் மட்டும் என் பெயரோடு ஓரிடத்திலும் இல்லை. ஊரில் மட்டும் இருந்தது. இன்றைக்கும் சந்தையில் வயதானவர்கள் என்னைப் பார்த்தால் “நேசம்மைக்க மவ” என்றுதான் சொல்வார்கள். ஷீபா என்று சொன்னால் எந்த ஷீபா என்று கேட்பார்கள். எங்கள் சபையிலேயே ஷீபாக்கள் நிறைய.

ஃபேஸ்புக் விதியைப் படித்தபோது எனக்குத் தைரியம் வந்தது இதனால்தான். அன்றாட வாழ்க்கையில் உங்களை எந்தப் பெயரில் அறிவார்களோ அந்தப் பெயரை வையுங்கள் என்கிறது அது. என்னை அறிவது இந்தப் பெயரில்தானே.

மாற்றுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மஸ்கட்டில் எலக்ட்ரீசியன். போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பேங்க்ல ஏதும் மாறுமா? நான் அனுப்புத பைசா திரும்பி வந்துருமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாறாது. ஃபேஸ்புக்கில் காட்டும் பெயருக்கும் வங்கி, ஆதார், பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சட்டப்படி பெயரை மாற்றவேண்டுமென்றால் அதற்குத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடவேண்டும், அது வேறு வேலை. அதைச் சொன்னதும், “அப்பம் மாத்து. மாமிக்க பேருதானே” என்றார்.

என் மாமியாரைச் சமாதானப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை, பயந்தார். “அவனுக்க பேர எடுத்தா நாட்டுகாரு என்ன நினைப்பாவ?” என்றார். இந்தப் பயத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் பெண் ஃபேஸ்புக்கில் புருஷன் பெயரை எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் நம் ஊரில். கதை வெட்டுமணியில் தொடங்கிக் குளச்சல் போய்ச் சேர்வதற்குள் விவாகரத்தே ஆகிவிடும். பெண்களுடைய பெயரை அவர்கள் குடும்பத்தின் அறிவிப்புப் பலகை மாதிரி படிக்கும் பழக்கம் இது. ஆண்கள் தங்கள் கணக்கில் மனைவி பெயரைச் சேர்த்தால் பாசம் என்பார்கள், எடுத்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஆனால் என் கொள்கைக்காக மாமியார் கோயில் வாசலில் நின்று பதில் சொல்லவேண்டாம் என்று நினைத்தேன். அதனால் பெயரை மாற்றுவதற்கு முன்பே ஒரு பதிவு போட்டேன், அம்மாவோடு நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நிற்கும் படத்தோடு. காரணத்தை எழுதினேன். முதல் கருத்து வீட்டுக்காரருடையது: “என் மாமியார் பெயர், பெருமை.” அதற்குப் பிறகு மாமியாரே அந்தப் படத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

“தாயின் பெயரைப் பின்னால் போடுவது என்ன புதுப் பழக்கம்” என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் தக்கலைக்காரர், அதனால் அவருக்குப் பக்கத்து ஊர்ச் செய்தியையே சொன்னேன். பத்மநாபபுரம் அரண்மனையில் இருந்து ஆண்ட திருவிதாங்கூர் ராஜாக்களின் மகனுக்குப் பட்டம் கிடையாது, சகோதரியின் மகனுக்குத்தான். நாஞ்சில்நாட்டு வெள்ளாளர்களிலும் மருமக்கள்வழிதான், அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறைதான் இருந்தது, 1926-ல் சட்டம் வந்த பிறகுதான் அது மாறியது. தாய்வழியை வைத்துச் சொத்தும் நாடும் கைமாறிய மாவட்டத்தில் இருந்துகொண்டு, ஒரு பெண் தன் கணக்கில் அம்மா பெயரைப் போடுவதைப் புதுப் பழக்கம் என்று சொல்லலாமா?

பெயர் மாறுவதும் நமக்குப் புதிதல்ல. மைலாடி மகராசன் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தவர், தென்திருவிதாங்கூரில் எங்கள் சபைகளின் வரலாறு அவரிடம்தான் தொடங்குகிறது. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லாத நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் 1745-ல் தேவசகாயம் ஆனார். தேவசகாயம் பிள்ளை என்றே காலங்காலமாகச் சொல்லிவந்தோம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுக்கும்போது ‘பிள்ளை’ இல்லை, தேவசகாயம் மட்டும்தான். 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவரின் பெயரை இத்தனை காலம் கழித்துச் சரி செய்யமுடியும் என்றால், உயிரோடு இருக்கும் நான் என் பெயரைச் சரி செய்துகொள்ளக் கூடாதா?

சரி, செய்முறைக்கு வருகிறேன். தையல்கடைக்கு வரும் பெண்கள் சிலர் இதைக் கேட்டதும் தாங்களும் மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்காக.

ஃபேஸ்புக்கில் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கு மையம் என்பதைத் தொட்டால் உங்கள் கணக்கின் பெயர் வரும். அதற்குள் பெயரை மாற்றும் இடம் இருக்கிறது. ஒருமுறை மாற்றினால் 60 நாளைக்கு மறுபடி மாற்ற முடியாது, அதனால் எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். பாதி தமிழ், பாதி ஆங்கில எழுத்து என்று கலந்து வைக்க விடமாட்டார்கள். எண்கள், நட்சத்திரம், பூப்படம், பட்டம் எதுவும் கூடாது. பெயரில் சந்தேகம் வந்தால் அடையாளச் சான்று கேட்கக்கூடும். மாற்றியபின் உங்கள் பழைய பதிவுகள், மற்றவர் பதிவில் எப்போதோ நீங்கள் எழுதிய கருத்துகள், எல்லாவற்றிலும் புதுப் பெயர்தான் தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது. பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குக் கீழேகூட இப்போது அம்மா இருக்கிறார்.

காட்டும் பெயர் வேறு, கணக்கின் முகவரியில் வரும் பயனர்பெயர் வேறு. நான் முதலாவதை மட்டும் மாற்றினேன். இரண்டாவதை மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் வேலை செய்யாமல் போகும், விட்ட பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. கடை வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள். இன்ஸ்டாகிராமில் 14 நாளுக்குள் இரண்டு முறைதான் பெயர் மாற்றலாம். வாட்ஸாப்பில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர் போனில் அவர் எழுதிய பெயர்தான் வரும். குழுவில் உங்களைச் சேமிக்காதவர்களுக்கு மட்டும்தான் நீங்கள் வைத்த பெயர் தெரியும்.

பெயரை மாற்றும் நாளில் முகப்புப் படத்தையும் சேர்த்து மாற்றாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மாறினால் தெரிந்தவர்களே போலிக் கணக்கு என்று நினைத்து நீக்கிவிடுவார்கள். பிளவுஸ் அளவு அனுப்பும் வாடிக்கையாளர்களுக்கு நான் தனியாகக் குரல் செய்தியும் அனுப்பினேன். எழுத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், குரல் கேட்டால் நம்புவார்கள்.

‘நே. ஷீபா’ என்று முன்னெழுத்தாக மட்டும் போட்டால் போதாதா என்று தோழி கேட்டாள். போதாது. ஒரு எழுத்தை வைத்து யார் பெயர் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு முழுப் பெயரும் வேண்டும், படிக்கிறவர் வாயால் உச்சரிக்கவேண்டும்.

அம்மாவுக்கு ஃபேஸ்புக் கிடையாது. என் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “எனக்க பேரு எதுக்கு மக்களே இதுல?” என்றார். பிறகு எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கேட்டார். சொன்னேன். போனைத் திருப்பித் தரவில்லை, அடுத்த படத்தைக் காட்டச் சொன்னார்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பதிவைப் பார்த்துவிட்டுக் குவைத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் எனக்குப் பழக்கமில்லாத சிலர் எழுதினார்கள். எல்லாரும் அண்டி ஆபீஸில் அம்மாவோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். நேசம்மாள் என்ற பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்களாம். ஒரு பெண் தன் அம்மா இறந்துபோன செய்தியைச் சொல்லி, இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கொட்டை தட்டியதை எழுதியிருந்தார். ஷீபா ஜஸ்டினாக இருந்தவரை இவர்கள் யாருக்கும் என்னைத் தெரிந்திருக்க வழியில்லை.

அம்மா வேலைக்குப் போன காலத்துப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கருங்கல், மார்த்தாண்டம், அருமனை பக்கத்து ஆலைகளில் எடுத்த பழைய படம், கூட்டமாக நிற்கும் படமாக இருந்தாலும் சரி, யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். முகம் யாருடையது என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார். ஷீபா நேசம்மாள் என்று தமிழில் தேடுங்கள். முகப்பில் பழைய படம்தான், பச்சைச் சேலை, பின்னால் தையல் மிஷின்.