முயல் இல்லாத பொலெந்தா

இத்தாலியின் பெர்கமோவுக்குப் போனால் பொலெந்தா, அதாவது மக்காச்சோள மாவுக் களி, சாப்பிட்டே தீருவது என்று நானும் அக்காவும் முடிவு செய்திருந்தோம். 1887-இல் ஓடத் தொடங்கிய கேபிள் ரயிலில் ஏறி மலைமேல் உள்ள பழைய ஊருக்குப் போய், ஒவ்வொரு உணவகத்தின் வாசலிலும் நின்று மெனுவைப் படித்தோம். பொலெந்தா இல்லாத இடமில்லை. ஆனால் முயலோடு, இல்லையென்றால் மாட்டிறைச்சியோடு. நாங்களோ சைவம்.

ஒரு இனிப்புக் கடைக் கண்ணாடிக்குள் மஞ்சளாகக் குட்டிக் குட்டிக் குன்றுகள், உச்சியில் கரும்பழுப்புப் பறவைகள். ‘பொலெந்தா எ ஒசேய்’, அதாவது பொலெந்தாவும் பறவைகளும். அக்கா இரண்டடி பின்வாங்கினாள். விசாரித்தால், அது கேக். பறவைகள் சாக்லேட்!

சரி, நாமே சமைத்துவிடலாம் என்று இறங்கிவிட்டோம். தங்கிய வீட்டில் அடுப்பு இருந்தது. கடையில் பொலெந்தா மாவு இரண்டு வகை: ஐந்தே நிமிடத்தில் வேகும் உடனடி மாவு, முக்கால் மணி நேரம் கேட்கும் கரகரப்பான ‘பிரமாத்தா’. அக்கா முதலாவதை எடுத்தாள். பணப்பை என்னிடம் இருந்ததால் இரண்டாவது வென்றது. புது போர்ச்சினி காளானின் விலையைப் பார்த்துவிட்டு, அரைக் கிலோ பட்டன் காளானும் ஒரு சின்னப் பொட்டலம் உலர்ந்த போர்ச்சினியும் வாங்கினோம்.

சீஸ் வாங்கும்போதுதான் கவனம் தேவை. பார்மிஜானோ, கிரானா பதானோ இரண்டுக்குமே பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். சைவம் என்று நம்பி எத்தனை முறை தூவிக்கொண்டிருக்கிறேனோ! லேபிளில் ‘கால்யோ வெஜெத்தாலே’, அதாவது தாவர உறைபொருள், என்று இருப்பதைத் தேடி எடுத்தோம்.

ஒரு லிட்டர் தண்ணீர், உப்பு, கால் கிலோ மாவு. கொதிக்கும்போது ஒரு கையால் மழைபோலத் தூவி, மறு கையால் விடாமல் கிளற வேண்டும். கொட்டினால் கட்டி தட்டிவிடும். அப்புறம் தீயைக் குறைத்தாலும் அது எரிமலைதான். குமிழி வெடித்து மணிக்கட்டில் தெறித்த சூடு இரண்டு நாள் இருந்தது. களி கிண்டும் துடுப்பு இருந்திருந்தால் கை தள்ளி இருந்திருக்கும். கிடைத்ததோ குட்டை மரக்கரண்டி. அக்கா உட்கார்ந்து போனில் படித்துக் காட்டினாள்: அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வருவதற்கு முன் பொலெந்தாவைத் தினை போன்ற சிறுதானியங்களில் கிண்டினார்களாம், வடக்கத்தியர்களைத் தெற்கே இன்றும் ‘பொலெந்தோனி’, அதாவது பொலெந்தா தின்னிகள், என்று கிண்டல் செய்வார்களாம். “நீயும் ஒரு பொலெந்தோனிதான், கிளறு” என்றாள்.

காளானில் சொதப்பினேன். அரைக் கிலோவையும் ஒரே வாணலியில் கொட்டியதால் வதங்காமல் தன் தண்ணீரிலேயே வெந்தது. பாதியை வெளியே எடுத்து, தண்ணீர் சுண்டி ஓரம் சிவக்கும்வரை காத்திருந்து, மீதியையும் அதேபோல் வதக்கினேன். பிறகுதான் ஆலிவ் எண்ணெயில் பூண்டு, வெந்நீரில் ஊறிய போர்ச்சினி, கடைசியில் உப்பும் பார்ஸ்லியும். போர்ச்சினி ஊறிய தண்ணீரை மண் போகத் துணியில் வடிகட்டி ஊற்றியதும் வீடே காட்டு வாசனை. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டுவது பாவம்.

ஒன்பதரை மணிக்குப் பொலெந்தாவை மரப்பலகையில் கவிழ்த்தோம். அசையாமல் நின்றது. அங்கே அதை நூலால் அறுப்பார்கள் என்பது நினைவுக்கு வர, அக்கா தன் தையல் டப்பாவைத் திறந்தாள். வெள்ளை நூல் தீர்ந்திருந்தது, நீலத்தில் அறுத்தோம்.

மறுநாள் காலை மீதித் துண்டுகளை வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தேன். முந்தைய இரவு உடனடி மாவு கேட்டவள், கடைசித் துண்டை எனக்குத் தரவில்லை.