புலாவ் உபினில் இரண்டு இரவுகளும் ஒன்பது கிழங்கான் மீன்களும்

ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு வேனுக்கு 25 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). நேற்று மாலை வீடு திரும்பி, உப்பு பூத்த துணிகளை ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பணம் இன்னும் மனத்தை அறுக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு படகு, கூடாரம், மீன், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் வடகிழக்கில் இருக்கும் சிறு தீவான புலாவ் உபினின் படகுத்துறையில் நாங்கள் மூன்று பேர் இறங்கினோம். நான், பதினொரு வயது மகன், என் அம்மாவின் தம்பியான மாமா. கூடவே கூடாரம், ஐஸ் பெட்டி, 12 லிட்டர் தண்ணீர், கேஸ் அடுப்பு, அரிசி, மூன்று தூண்டிற்கோல்கள். ஜெலுத்தோங் முகாம் இடத்துக்கு நடந்தே போய்விடலாம், இருபது நிமிடம்தான் என்று மாமா சொன்னார். உச்சி வெயிலையும் ஐஸ் பெட்டியின் கனத்தையும் பார்த்து நான்தான் வேனை நிறுத்தினேன். எவ்வளவு என்று கேட்டதற்கு, ஓட்டுநர் "ஏறுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மலாயில் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இறங்கியதும் 25 வெள்ளி என்றார். மாமா வாதாடிப் பார்த்தார். மூட்டைகளுக்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. பாதி மூட்டை இன்னும் வேனுக்குள் இருந்தது. மகனோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலை நோக்கி ஓடிவிட்டான். கொடுத்துத் தொலைத்தேன். உபினில் வேன் வேண்டுமென்றால் ஏறுவதற்கு முன்பே தொகையை அவர் வாயால் சொல்ல வையுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல் வந்தால் நடந்துவிடுங்கள்.

இனி வரிசைக்கு வருகிறேன்.

மார்ச் பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் லங்காவி தீவுக்குப் போவதாகத்தான் இருந்தது. மூன்று பேருக்கு விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். "கடல்தானே வேண்டும் பாப்பா? சாங்கிக்கு அந்தப் பக்கமே இருக்கிறது" என்றார் மாமா. அவர் பிறந்தது வேதாரண்யம் பக்கம். இருபத்திரண்டு வயதில் செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர், இங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார். சிங்கப்பூரில் அவர் தூண்டில் போடாத கரை இல்லை.

தெம்பனிசிலிருந்து 29ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் சாங்கி வில்லேஜில் கொண்டுபோய் விடும். அங்கே உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போனோம். ஒருவருக்கு 4 வெள்ளி, ரொக்கம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு புறப்படும். வியாழக்கிழமை என்பதால் கூட்டம் இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சனி, ஞாயிறுகளில் இந்தக் காத்திருப்பு இருக்காது, ஆனால் தீவில் சைக்கிள் மணிச் சத்தம்தான் கேட்கும். நான் வார நாளுக்கே வாக்களிப்பேன். கடலைத் தாண்டப் பத்து நிமிடம் போதும்.

ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் கூடாரம் அடிக்க அனுமதிச்சீட்டு வேண்டும். உபினில் முகாமுக்கென்று ஒதுக்கிய இடங்களில் அதுவும் வேண்டாம், வாடகையும் கிடையாது. ஜெலுத்தோங் தீவின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. எதிரே கேத்தாம் என்ற குட்டித் தீவு, நீரில் மிதக்கும் மீன் பண்ணைகள், அவற்றுக்கும் அப்பால் நாங்கள் தினமும் வாழும் அடுக்குமாடிகள். நாங்கள் போனபோது எங்களைத் தவிர அங்கே ஒரே ஒரு கூடாரம்தான்.

நண்பகல் தாண்டியிருந்தது. மகன் தூண்டிலை எடுக்கத் துடித்தான். மாமா தொடவிடவில்லை. "இப்போது வற்றம். இரண்டு மணிக்குமேல்தான் நீர் திரும்பும். ஏற்றத்தோடுதான் மீன் இரை தேடிக் கரைக்கு வரும்" என்றார். பாலத்துக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சீன முதியவர் ஒருவரும் எங்களைப் பார்த்து, "ஆயெர் பாசாங், ஆயெர் பாசாங்" என்று கையை உயர்த்திக் காட்டினார். ஏற்றம் வரட்டும் என்கிறார். வேதாரண்யத்திலும் உபினிலும் பாடம் ஒன்றுதான்.

காத்திருந்த நேரத்தில் மாமா தூண்டில் கட்டக் கற்றுக்கொடுத்தார். தூண்டில் இழையை எங்கள் வீட்டில் நரம்பு என்போம். அவர் தங்கூசி என்பார். அடியில் ஈயக்குண்டு, அதற்கு ஒரு சாண் மேலே ஒரு கிளை, இன்னொரு சாண் மேலே மற்றொன்று, இரண்டிலும் சிறிய முள். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு ஈரப்படுத்த வேண்டும். உலர்ந்த தங்கூசியை இறுக்கினால் உரசிச் சூடேறி அங்கேயே பலம் போய்விடும். இறாலை முழுதாகக் குத்தக்கூடாது. ஓட்டை உரித்து, விரல் நகம் அளவுக்கு நறுக்கி, முள்ளின் வளைவு மறையும்படி ஏற்ற வேண்டும். பெரிய இரையைக் கட்டினால் சின்ன வாய் மீன் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். மகன் நான்கு முறை அவிழ்த்து, ஐந்தாவது முறை சரியாகக் கட்டினான்.

மாலை நான்கரைக்கு முதல் மீன். பேத்தை. கரைக்கு வந்ததும் வயிறு பந்துபோல் உப்பிக்கொண்டு விழித்தது. நஞ்சுள்ள மீன், வாயில் வைக்கக்கூடாது; முள்ளை மெதுவாகக் கழற்றி நீரில் விட்டோம். இருட்டும் நேரத்தில் என் கோல் ஒரேயடியாக வளைந்தது. இழுத்தால் விலாங்குபோல் வால் கொண்ட கெளிறு. மலாயில் செம்பிலாங் என்பார்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முட்கள், மூன்றிலும் விஷம். மாமா குறடால் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தரியால் முட்களை நறுக்கிய பிறகுதான் எங்களைக் கிட்டே வரவிட்டார். இந்த முள் குத்தினால் கையைத் தாங்கக்கூடிய வெந்நீரில் வைத்திருக்க வேண்டும், வலி தணியும் என்றார். குழந்தைகளோடு தூண்டில் போடப் போகிறவர்கள் குறடு இல்லாமல் போகாதீர்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். இந்தத் தீவுக்கு நான் இதற்கு முன் ஆறேழு முறை வந்திருக்கிறேன். காலையில் வருவேன், சைக்கிள் ஓட்டுவேன், இளநீர் குடிப்பேன், ஐந்து மணிப் படகில் திரும்பிவிடுவேன். உபினைப் பார்த்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கவே இல்லை. பகலில் வந்த கூட்டம் படகேறியதும் தீவு வேறு தீவாகிவிடுகிறது. சிங்கப்பூரின் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் இங்கே வருவதில்லை. கிணறும் டீசல் மின்னாக்கியும், துறைக்கு அருகில் சூரியத் தகடுகளும்தான். ஆயிரக்கணக்கில் மக்கள் வாழ்ந்த இடத்தில் இன்று சில பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். எட்டு மணிக்கெல்லாம் எங்கள் கையை எங்களால் பார்க்க முடியவில்லை. முப்பத்தெட்டு வயதில் சிங்கப்பூரில் நான் பார்த்த முதல் இருட்டு இது. விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாங்கி விமான நிலையத்துக்கு இறங்குகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட அமைதியில் மீன் துள்ளி விழும் சத்தம் தனியாகக் கேட்கிறது. மகன் கைபேசியைக் கேட்கவே இல்லை.

பதினொரு மணிக்குக் காட்டுப்பன்றிகள் வந்தன. தாயும் நான்கு குட்டிகளும். ஐஸ் பெட்டியைக் கயிற்றால் கட்டி வைத்திருந்ததால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. அடுத்த கூடாரத்தில் ரொட்டிப் பையை வெளியே விட்டிருந்தார்கள். காலையில் பை மட்டும்தான் கிடந்தது. மிச்சம் மீதியைக் குரங்குகள் கவனித்துக்கொள்ளும். பன்றிகளுக்கு எதையும் போடாதீர்கள், அவற்றுக்கும் நல்லதல்ல, அடுத்து வருகிறவருக்கும் நல்லதல்ல.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு மாமா எழுப்பினார். நீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படி எழுதுவது! முதல் வீச்சிலேயே விரலில் இரண்டு சிறு தட்டல்கள், கதவைச் சுண்டுவிரலால் தட்டுவதுபோல். "இழுக்காதே பாப்பா, மூன்றாவது தட்டலுக்குக் காத்திரு" என்று மாமா இருட்டில் கிசுகிசுத்தார். மூன்றாவது வந்தது. சுண்டினேன். கிழங்கான்! வெள்ளிக் கம்பி மாதிரி, ஒரு சாணுக்குமேல், கையில் எடுத்தால் வெள்ளரிப் பிஞ்சு வாடை. அடுத்து மகனுக்கு ஒன்று. அடுத்து மாமாவுக்கு ஒரே வீச்சில் இரண்டு முள்ளிலும் இரண்டு. கூட்டமாக வந்திருக்கிறது. இரையை நறுக்க நேரமில்லாமல் பல்லால் கடித்து ஏற்றினேன். ஏழேகாலுக்கு மரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுந்தபோது பெட்டியில் ஒன்பது கிழங்கான். சாணுக்குக் குறைந்தவை எல்லாம் கடலுக்கே போய்விட்டன. பிறகு ஒரு தட்டல்கூட இல்லை. கூட்டம் போய்விட்டது.

மாமா கத்தியின் முதுகால் செதில் சுரண்டினார். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, கடல் நீரில் அலசி, இரு பக்கமும் மூன்று கீறல். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, வீட்டிலிருந்து கொண்டுவந்த காலமான்சி எலுமிச்சை நான்கின் சாறு. கால் மணி நேரம் ஊறவைத்துத் தட்டையான சட்டியில் வறுத்தார். கீறலின் ஓரம் மொறுமொறுத்து, உள்ளே சதை வெண்ணெயாகப் பிரிந்தது. சுடுசோறு, புட்டியில் எடுத்துவந்த பிளாச்சான் சம்பால் (இறால் விழுதும் மிளகாயும் அரைத்த துவையல்), இந்த மீன். மீன் தொடாத என் மகன் மூன்று சாப்பிட்டான். கடையில் 60 வெள்ளி கொடுத்து நான் சாப்பிட்ட எந்த மீனும் இதன் பக்கத்தில் நிற்காது. பசியால் சொல்லவில்லை, அன்று காலையில்தான் கடலை விட்டு வந்த மீனின் ருசியே வேறு.

பிற்பகல் வற்றத்துக்காகச் சைக்கிள் எடுத்துத் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா ஈரநிலத்துக்குப் போனோம். கூடாரத்தைக் காவல் காக்க மாமா இருந்துவிட்டார். இரண்டு சைக்கிள் 20 வெள்ளி. பிரேக் பிடித்துப் பார்த்து எடுங்கள், எனக்கு முதலில் தந்ததில் பின்பிரேக் வேலை செய்யவில்லை, மாற்றிக்கொண்டேன். போகும் வழியில் பெக்கான் கல்குவாரியில் நீரைச் சுற்றி நாரைகள். உபின் கருங்கல்லைக் கொண்டுதான் 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார்கள். சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும், 1924இல் திறந்த ஜோகூர்ப் பாலத்துக்கும் கல் இங்கிருந்து போனது. எத்தனை முறை அந்தப் பாலத்தில் பஸ்ஸில் நெரிந்திருக்கிறேன், கல் எங்கிருந்து வந்தது என்று நினைத்ததில்லை. செக் ஜாவாவை 2001இல் மண் கொட்டி மேடாக்குவதாக இருந்தது. மக்கள் திரண்டு எடுத்துச் சொன்னதால் அரசாங்கம் அந்த ஆண்டு இறுதியில் திட்டத்தைத் தள்ளிவைத்தது. மரப்பாதையில் நின்று, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள் கையசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே தூண்டிலை எடுக்கவே கூடாது. வடக்குப் பக்கம் போகும்போது கைபேசி மலேசிய அலைவரிசைக்குத் தாவிவிடும். வெளிநாட்டுத் தரவுச் சேவையை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். என் பில்லில் என்ன வரப்போகிறதோ என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டாம் இரவில் மணல் ஈக்கள் காலைத் தின்றுவிட்டன. நீளக் கால்சட்டை அவசியம். மூன்றாம் நாள் காலை ஏற்றம் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தள்ளி வந்தது, ஒரு கிழங்கான்கூட இல்லை. அதுதான் கடல். சீன முதியவருக்கு மட்டும் ஒரு கொடுவா மீன் கிடைத்தது. நாங்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அதைத் தூக்கி மகன் கையில் கொடுத்துப் படம் எடுக்கவிட்டார்.

செலவு: படகு போகவர 24, வேன் 25, தேக்கா சந்தையில் இரைக்கு இறால் 8, மளிகையும் ஐஸும் கேஸும் 45, சைக்கிள் 20, கிராமத்துக் கடையில் ஒருவேளைச் சாப்பாடும் இளநீரும் 31. மொத்தம் 153 வெள்ளி, மூன்று பேருக்கு மூன்று நாள். கூடாரம் தங்கையிடம் இரவல். தீவில் ஏடிஎம் இல்லை, ரொக்கமாக எடுத்துப் போங்கள். தண்ணீர் 12 லிட்டர் போதவில்லை. கிராமத்துக் கடைக்கு இரண்டு முறை நடந்தோம்.

திரும்பும்போது எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தோம். மாமா சொன்னது சரி, இருபத்திரண்டு நிமிடம். மகன் இப்போது ஜூன் விடுமுறைக்கான ஏற்றவற்ற நேரங்களைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறான். நான் சாமான் இழுக்கும் மடக்கு வண்டி ஒன்றின் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.