214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647

எங்கள் வகுப்பில் உட்கார்ந்த யாருக்கும் 2147483647 என்றதும் கணக்கு சார்தான் நினைவுக்கு வருவார். முப்பத்தோரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண். பலகை முழுக்க அதைப் பெரிதாக எழுதிவிட்டு, "இது பகா எண். சரி, எப்படிப்பா தெரியும்?" என்றார்.

அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 46,341. அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும்; ஆனால் அவை 4,700-க்கும் மேல். 1772-இல், பார்வை அநேகமாகப் போய்விட்ட வயதில், கணித மேதை ஆய்லர் இதைப் பகா எண் என்று நிரூபித்தது அந்த வழியில் அல்ல.

அதைக் காட்ட சார் பெரிய எண்ணை விட்டுவிட்டு 2047-ஐ எடுத்தார். பதினோரு இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு. 23 × 89. இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 22-ஆல் வகுபடும், அதாவது 11-இன் இரு மடங்கால். அப்புறம் 8-ஆல் வகுக்கச் சொன்னார். 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. அடுக்கு, அதாவது பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை, ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், இந்த வகை எண்ணின் எந்தப் பகாக் காரணியும் இந்த இரண்டு நிபந்தனைக்கும் உட்பட்டே ஆக வேண்டும். முதல் நிபந்தனை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து வருகிறது. அன்று அவர் அதைப் படிப்படியாக வருவித்துக் காட்டியபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

இப்போது 31-க்கு வாருங்கள். காரணி ஏதாவது இருந்தால், அதை 62-ஆல் வகுத்தால் மீதி 1. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. சேர்த்துப் பார்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். நூறுகூடத் தேறாது! முதலில் வருவது 311. அதற்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணையும் தொட வேண்டியதில்லை. 311-ஆல் கையால் வகுத்தோம், மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. ஒரு எண்ணைப் பற்றி உறுதியாகச் சொல்ல இவ்வளவு குறைந்த உழைப்பு போதும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இன்றும் எனக்குத் தெரிந்த மிக அழகான நிரூபணம் இதுதான்.

இதே எண்ணோடு முப்பது இரண்டுகளைப் பெருக்கினால் ஒரு நிறைவெண் கிடைக்கும்; அதாவது, தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண். அதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப் போவதில்லை என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். ஆனால் 1876-இலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா இதே வகையில் 39 இலக்கப் பகா எண் ஒன்றை நிரூபித்துவிட்டார்; அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்துவிட்டது.

நிரல் எழுதுபவர்களுக்கு இந்த எண் வேறு விதத்தில் பழக்கம். கணினி 32 பிட்டில் (0, 1 இலக்கங்களில்) கூட்டல், கழித்தல் குறியோடு சேமிக்கும் முழு எண்ணின் உச்சம் இதுதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய நிரல்கள் 2038 ஜனவரி 19 அன்று இந்த எண்ணில் வந்து முட்டும்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப்பெரிய பகா எண்ணும் இதே வகைதான்; அதில் அடுக்கு 13,62,79,841. இலக்கங்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு பெரிய எண்களைத் தேடும் கணினிகளும், நீண்ட சோதனைக்குப் போகும் முன், அதே இரண்டு நிபந்தனைகளைக் கொண்டுதான் சிறிய காரணிகளைத் துழாவிப் பார்க்கின்றன.