இரண்டு தட்டு மௌனம்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செயலாளர் மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. 1993இல் பள்ளி ஆங்கில தினத்துக்கு ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் பழகியதைத்தான் எழுத வேண்டும்.

1990 நடுப்பகுதியோடு போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது உங்களுக்குத் தெரியும். பள்ளி விட்ட பிறகு ஐந்து பேர், நாடகம் பழக்கிய ஆசிரியர் (எங்களுக்கு அவர் 'சேர்') வீட்டு விறாந்தையில் இருப்போம், இருட்டினால் நடுவில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு, அடியில் கொஞ்சப் பஞ்சு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். அந்த வெளிச்சத்தில்தான் ஐந்தாம் அங்கம் ஐந்தாம் காட்சியைப் படித்தோம். மனைவி இறந்த செய்தி கேட்டதும் மக்பெத் நாளை, நாளை என்று பேசுகிற இடம். கறாராகப் பார்த்தால் அது முழுத் தனிமொழி இல்லை, பக்கத்தில் அவனுடைய பணியாள் சேற்றன் நிற்கிறான். ஆனால் அந்த நேரம் அவன் நிற்பதே மக்பெத்துக்குத் தெரியாது என்பார் சேர்.

நான் பாடமாக்கிக்கொண்டுபோய் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். சேர் மேசையில் விரலால் தட்டத் தொடங்கினார். ஷேக்ஸ்பியரின் வரிக்குப் பொதுவாகப் பத்து அசை, ஐந்து அழுத்தம். அரசி இறந்துவிட்டாள் என்று சேற்றன் சொல்லும் வரியோ ஆங்கிலத்தில் ஆறே அசை, மூன்று தட்டோடு முடிந்துவிடும்.

"மிச்சம் ரண்டு தட்டும் எங்கை?" என்றார். நாங்கள் முழித்தோம். "அதுக்குள்ளைதானடா அவனுக்கு மனிசி செத்தது விளங்குது. நீ அதை விழுங்கிப்போட்டு ஓடுறாய்."

சரி, விளங்கியது. ஆனால் செய்ய வரவில்லை. பேசாமல் நின்றால் வசனம் மறந்துவிட்டது என்று சனம் நினைக்குமே என்ற பயம். இரண்டு கிழமை பார்த்துவிட்டு சேர் என்னைச் சைக்கிளில் ஏற்றி, கூத்தும் நாடகமும் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் கொண்டுபோனார். இசைநாடக நடிகர் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம் என்ற அரிச்சந்திரன் நாடகத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்து, பிறகு தானும் அரிச்சந்திரனாக ஆடியவர். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. நான் செய்துகாட்டியதைக் கேட்டுவிட்டு, "கதை விளங்கேல்லைத் தம்பி, ஆனால் நீ இன்னும் செத்தவீட்டுக்குள்ளை போகேல்லை" என்றார்.

அப்புறம் எழும்பி ஊன்றுகோலைச் சுடலைத் தடியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளையின் பிணத்தோடு வந்து நிற்கும் பெண்ணின் கழுத்தில், கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியை அரிச்சந்திரன் காணும் இடம். பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. தடியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, தடி மட்டும் சரியாமல் உள்ளங்கையில் சாய்ந்து நின்றது. எனக்கு உடம்பு கூசியது.

"மூச்சை முழுக்க வெளியாலை விட்டிட்டு நில்லு. திரும்ப எடுக்காமல் ஏலாது எண்டு நெஞ்சு கேக்கும். அப்ப கதை."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இவர்கள் இருவரையும் போல எனக்கு அதற்குப் பிறகு யாரும் எதையும் கற்றுத் தரவில்லை.

ஆங்கில தினத்தன்று அப்படியே செய்தேன். மூச்சை விட்டேன், மண்டபக் கூரையில் காகம் நடக்கிற சத்தம் கேட்டது, பிறகு நெஞ்சு கேட்டது, பேசினேன். மெழுகுதிரியே அணைந்துபோ என்று வரும் இடத்தில் கையால் எதையும் காட்ட வேண்டாம் என்று சேர் சொல்லியிருந்தார். எண்ணெயை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு இரவும் விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் படுத்த பிள்ளைகள்தான் எதிரே இருந்தார்கள். ஒரு இருமல்கூட இல்லை.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எல்லோரும் சிதறிப்போனோம். சேற்றனாக நின்றவன் அந்த ஒரே வரிக்காக ஒரு நாளும் தவறாமல் பழக வந்தவன். அதை அவன் அவ்வளவு அமைதியாகச் சொல்லியிராவிட்டால் எனக்கு அந்த மௌனம் வந்திருக்காது. 93இல் எங்களோடு படித்தவர்கள் யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் சங்கத்துக்கு அறிவியுங்கள்.